கடைத் தேங்காய், வழிப் பிள்ளையார்

கோவை அவிநாசி ரோட்டில் மேம்பாலம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது இது. லட்சுமி மில்ஸ் சிக்னல். காலை பதினொன்றரை மணி. பச்சை விழுந்தது. சிவப்பு விழுந்தது. மறுபடி பச்சை. ஒரு வண்டியும் நகரவில்லை. குறுக்கே கயிறு கட்டி போலீஸ் நின்றது. யாரோ பெரிய தலைவர் ஏர்போர்ட்டிலிருந்து வருகிறாராம்.

என் பைக்குக்குப் பக்கத்தில் ஓர் அம்மா. அறுபது வயது இருக்கும். கையில் தூக்குப்போசி. பஸ் நின்றுவிட்டதால் இறங்கி நடந்து வந்திருக்கிறார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனால் ஆஸ்பத்திரி. கயிறு பிடித்து நின்ற பெண் போலீஸிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங் கண்ணு, எப்பங்க உடுவீங்க? ஊட்டுக்காரருக்குப் பன்னெண்டு மணிக்கு மாத்திரை போடோணும். வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"எனக்கே தெரியாதுங்கம்மா. அஞ்சு மணிக்கு வந்து நின்னேன். இன்னும் ஒரு வாய் டீ குடிக்கல."

நாற்பது நிமிஷம் நின்றோம். கடைசியில் கார்கள் வந்தன. கடந்து போக நாற்பது நொடிகூட ஆகியிருக்காது. கண்ணாடி எல்லாம் கறுப்பு. உள்ளே யார், எந்த சீட்டில் என்று யாருக்கும் தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்தார்கள். அந்த அம்மா ஓட்டமும் நடையுமாகக் கிளம்பும்போது, யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்: "பாவம், அவருக்கு இதெல்லாம் தெரியாதுங்க. தெரிஞ்சா நிறுத்தச் சொல்லுவாருங்களா?"

நான் கோபத்தில் இருந்தேன். அந்த அம்மா பரிதாபப்பட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அவருக்குத் தெரியாது என்பது உண்மையா? அல்லது, தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அத்தனை ஏற்பாடுமா?

நம்மூர்த் தலைவருக்கே இப்படி என்றால், உலகத்தையே ஆட்டி வைக்கிற ஒரு வெளிநாட்டுத் தலைவர் வந்தால்? நம் மாநிலத்தில் அதைக் கண்ணால் பார்த்தோம். 2019 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. சீன அதிபர் ஷி ஜின்பிங் சென்னையில் வந்து இறங்கினார். கிண்டியில் ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் தங்கினார். அங்கிருந்து மாமல்லபுரத்துக்குச் சாலை வழியாகவே போனார். பிரதமர் மோடி வேட்டி கட்டிக்கொண்டு வரவேற்றார். அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று சுற்றிக் காட்டினார். இளநீர் குடித்தார்கள். நீங்களும் நானும் டி.வி.யில் பார்த்தோம். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம்ம பல்லவன் செதுக்கிய கல்லை உலகமே பார்க்கிறது என்றால் சும்மாவா?

டி.வி. காட்டாதது இன்னொரு பக்கம். சுற்றுலாப் பயணிகளுக்குச் சில நாட்கள் அனுமதி இல்லை. கோயில்களைச் சுற்றி இருந்த சின்னக் கடைகள் காணாமல் போயின. சங்கு, பாசிமணி, மாங்காய்க் கீற்று விற்பவர்களுக்கு அந்த நாட்களில் இடமில்லை. மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். பழைய மகாபலிபுரம் ரோட்டில் இருந்த ஐ.டி. கம்பெனிக்காரர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடும் என்று திபெத்திய இளைஞர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஐ.டி.காரருக்கு வீட்டிலிருந்து வேலை. அவர் சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையாது. தள்ளுவண்டியில் டீ விற்பவர் எங்கிருந்து வேலை பார்ப்பார்? வலையை வீட்டுத் திண்ணையில் விரித்தால் மீன் வருமா? ஒரே உத்தரவுதான். மேலே இருப்பவருக்கு அது லீவு. நடுவில் இருப்பவருக்குத் தொந்தரவு. கீழே இருப்பவருக்கு அன்றைய அடுப்பு. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், "ஒரு நாள்தானே" என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று. மாதச் சம்பளக்காரன் கண்டுபிடித்த வார்த்தை அது.

பி.காம். படித்த புத்தி எனக்கு. எதைப் பார்த்தாலும் இடது பக்கம், வலது பக்கம் என்று கோடு போட்டுக்கொள்ளும். ஒரு பெரிய தலைவர் வந்து போனால் வரவுப் பக்கம் எழுத ஆள் நிறையப் பேர் உண்டு. ஒப்பந்தம், ஏற்றுமதி, நட்பு, போட்டோ. செலவுப் பக்கத்திலும் பந்தல், விளக்கு, பூ, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் பில் இருக்கும், வவுச்சர் இருக்கும். கடலுக்குப் போகாத படகுக்கு வவுச்சர் கிடையாது. அந்தச் செலவு நடக்கவே இல்லை என்பது போல அந்தப் பக்கம் காலியாகவே இருக்கும்.

வரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வந்து போன பிறகு மாமல்லபுரத்தில் கூட்டம் அலைமோதியது. வியாபாரம் நடந்தது. அதுவரை சும்மா பார்த்துவிட்டு வந்த வெண்ணெய் உருண்டைக்கு நாற்பது ரூபாய் டிக்கெட்டும் வந்தது. இரண்டு தலைவர்கள் இளநீர் குடித்துப் பேசிக்கொள்வது, இரண்டு ராணுவங்கள் மோதிக்கொள்வதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் எட்டே மாதத்தில், 2020 ஜூன் 15 இரவு, கல்வானில் மோதல் நடந்தது. நம் வீரர்கள் இருபது பேர் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் அதில் உண்டு. சந்திப்பு வீண் என்பதல்ல என் வாதம். வரவு நிச்சயமில்லாதது. கடைக்காரரின் நஷ்டம் மட்டும் நிச்சயமானது. நிச்சயமில்லாத ஒன்றுக்காக நிச்சயமாக இழக்கச் சொல்லும்போது, இழப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

இதில் சரித்திரம் ஒரு வேடிக்கையும் செய்திருக்கிறது. 1921 நவம்பர் 17-ம் தேதி இங்கிலாந்து இளவரசர் பம்பாயில் வந்து இறங்கினார். காங்கிரஸ் ஹர்த்தால் அறிவித்தது. 1922 ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்தபோதும் ஹர்த்தால். 'உனக்கு வரவேற்பு இல்லை' என்று காட்டுவதற்காக மக்கள் தாங்களாகவே கடையை அடைத்தார்கள். இப்போது, 'உனக்கு வரவேற்பு' என்று காட்டுவதற்காக அரசாங்கம் கடையை அடைக்கச் சொல்கிறது. அன்றைக்கு விருந்தாளியை அவமானப்படுத்தச் செய்ததை, இன்றைக்கு அவரை கௌரவப்படுத்தச் செய்கிறோம். காருக்குள் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். மூடிய கடைகள். ஆளில்லாத தெரு.

சரி, பாதுகாப்பு வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோயமுத்தூர்க்காரனுக்கு அதைக் கிண்டல் செய்ய வாய் வராது. 1998 பிப்ரவரி 14. அத்வானி கூட்டத்துக்கு வர இருந்த நாளில் ஊர் முழுக்கக் குண்டு வெடித்தது. ஐம்பத்தெட்டு பேர் போனார்கள். அவர்களில் பலரும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வந்தவர்கள். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் காவலுக்கு நின்ற போலீஸாரும் உண்டு. தலைவருக்கு ஆபத்து என்றால் முதலில் சிதறுவது பக்கத்தில் நிற்கும் சாதாரண ஜனம்தான். எனவே பாதுகாப்புக்காகப் பத்து நிமிஷம் ரோட்டை மூடினால் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் திறக்க வேண்டாம்.

ஆனால் அந்த ஒரே பில்லில் இன்னும் இரண்டு ஐட்டங்களைச் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஒன்று, பகட்டு. 2017 நவம்பரில் நம் அவிநாசி ரோட்டில் ஒரு விழாவுக்காக அலங்கார வளைவு கட்டினார்கள். அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் அந்த இடத்தில் விபத்தில் இறந்துபோனார். வளைவுதான் காரணம் என்று ஊரே கொதித்தது. அவர் பெயரைப் போட்டு, கொன்றது யார் என்று ரோட்டிலேயே பெயிண்டில் எழுதிக் கேட்டார்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் இறந்தார். அந்த ஈரம் காய்வதற்குள், அடுத்த மாதமே மாமல்லபுரச் சந்திப்புக்கு பேனர் வைக்க அனுமதி கேட்டு அரசு ஹைகோர்ட்டுக்குப் போனது. அனுமதியும் கிடைத்தது. பேனர் எந்தத் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும், சொல்லுங்கள்?

இரண்டாவது, மறைப்பது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஆமதாபாத் வந்தார். ஏர்போர்ட்டிலிருந்து அவர் போகும் வழியில் சரணியாவாஸ் என்ற குடிசைப் பகுதி. அதன் முன்னால் சுமார் நானூறு மீட்டருக்குச் சுவர் எழும்பியது. ஆக்கிரமிப்பைத் தடுக்கத்தான் என்றது மாநகராட்சி. அதிபர் வருகிற சமயம் பார்த்து அவசரமாக எழுந்த சுவர் அது. 2017-ல் டிரம்பின் மகள் ஹைதராபாத் மாநாட்டுக்கு வருகிறார் என்றதும், நகரத்தில் இரண்டு மாதத்துக்குப் பிச்சை எடுக்கத் தடை. பிடித்தவர்களைச் சிறை வளாகத்தில் இருந்த காப்பகங்களுக்குக் கொண்டுபோனார்கள். 2023 செப்டம்பரில் டெல்லியில் ஜி-20 மாநாடு. அப்போது குடிசைகள் பச்சைத் துணிக்குப் பின்னால் போயின.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கலைந்து கிடக்கும் துணியை அள்ளிப் பீரோவுக்குள் திணிப்போம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் பாட்டியையே பீரோவுக்குள் திணிப்போமா? சுவருக்குப் பின்னால் இருந்தது துணியல்ல. அந்த ஊரின் வோட்டர் லிஸ்டில் இருக்கிறவர்கள். அவர்களிடம் அரசாங்கம் சுவரால் பேசியது: "நீ இந்த ஊரின் அசிங்கம்." கூலி போனதுகூட அடுத்த வாரம் சரியாகிவிடும். இந்த வார்த்தை போகாது.

இதற்கெல்லாம் நாம் சொல்லும் சமாதானம் விருந்தோம்பல். தமிழனுக்கு விருந்தோம்பல் சொல்லித் தர வேண்டுமா, வள்ளுவரே ஒரு அதிகாரம் எழுதியிருக்கிறாரே என்போம். நம் கொங்கு நாட்டில் இதைச் சொன்னால் யாருக்கும் உச்சி குளிரும். வழி கேட்க வந்தவனைக்கூட "வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று உட்கார வைக்கிற ஊர் இது. என் அம்மிச்சி வீட்டில், பொழுது சாய்ந்த பிறகு விருந்தாளி வந்தால் கோழியைப் பிடிக்கத் துரத்துவோம். ஒரு தடவை கைக்கு வாகாகக் கிடைத்தது பக்கத்துத் தோட்டத்துக் கோழி. அம்மிச்சி கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. "உட்றா அதை! அவிய கோழியை அறுத்து நாம விருந்து வெக்கிறதா?"

விருந்தோம்பல் என்றால் இவ்வளவுதான். நம் கோழி. நம் அரிசி. நாம் பட்டினி கிடந்து விருந்தாளிக்குப் போட்டால் அது தர்மம். அடுத்தவனைப் பட்டினி போட்டு நாம் விருந்து வைத்தால் அதற்குப் பெயர் வேறு. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தால் புண்ணியம் உடைத்தவனுக்கு வராது என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலைவரை வரவேற்கும் மாலை அரசாங்கத்தின் கையில். அந்த மாலைக்கான விலையில் ஒரு பகுதி அந்த மீனவர் வீட்டிலிருந்து போகிறது. அவரை யாரும் கேட்கவில்லை.

'பெருவாரியான மக்களுக்கு நல்லது என்றால் சிலர் கஷ்டப்படத்தான் வேண்டும்' என்று ஒரு தத்துவம் உண்டு. நான் அதை முழுசாக மறுக்க மாட்டேன். ரயில் பாதை போடுவது அப்படித்தான். ஆனால் எப்போது பார்த்தாலும் அந்தச் 'சிலர்' ஒரே ஆட்களாக இருந்தால்? மாறி மாறி வந்தால் அது பங்கு. ஒருத்தன் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தால் அது சுமை.

அந்தச் சுமை எப்போது நமக்குக் கண்ணில் படுகிறது தெரியுமா? 2021 அக்டோபர் 1. சென்னையில் சிவாஜி கணேசன் பிறந்தநாள் நிகழ்ச்சிக்காகப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதில் ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் காரும் சுமார் இருபத்தைந்து நிமிஷம் மாட்டிக்கொண்டது. நீதிபதி கேள்வி கேட்டார். உள்துறைச் செயலாளர் வருத்தம் தெரிவித்தார். அதே இருபத்தைந்து நிமிஷம் நீதிபதியின் காருக்கு முன்னால் ஓர் ஆட்டோ நின்றிருக்கும். பின்னால் ஒரு பஸ் நின்றிருக்கும். அவர்களிடம் வருத்தம் தெரிவித்தது யார்?

ஆனால் அந்தக் கதையில் ஒரு நல்ல முடிவும் இருக்கிறது. சில நாட்களிலேயே முதல்வர் ஸ்டாலினின் கான்வாயில் பன்னிரண்டாக இருந்த வண்டிகள் ஆறாகக் குறைந்தன. தனக்காகப் பொதுமக்களை நிறுத்திவைக்க வேண்டாம் என்றும் அவர் சொன்னார். அந்த வருஷம் ஜூனிலேயே, முதல்வர் போகும் வழியில் பெண் போலீஸாரைச் சாலையோரம் காவலுக்கு நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்திருந்தது. ஆக, முடியும். ஆறு வண்டி போதும் என்றால், அதுவரை பன்னிரண்டு போனது எதற்காக? யாரும் கேட்காததால் போனது. அவ்வளவுதான்.

2009 நவம்பரில் சண்டிகரில் இன்னொன்று நடந்தது. பிரதமர் மன்மோகன் சிங் அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த நாளில், பாதுகாப்புக் கெடுபிடியில் உள்ளே போக முடியாமல் தவித்த சிறுநீரக நோயாளி ஒருவர் இறந்துபோனார். பிரதமர் அந்தக் குடும்பத்துக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். லட்சுமி மில்ஸ் சிக்னலில் அந்த அம்மா சொன்னது உண்மைதான் போல. தெரிந்தால் வருத்தப்படுகிறார்கள். ஆனால் தெரிவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னை மட்டும் நல்லவனாகக் காட்டிக்கொண்டால் தப்பு. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டோம். இரண்டு நாள். பந்தல் கால் ஒன்று எதிர் வரிசை டெய்லர் கடை வாசலை மறித்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்த சமயம். அவருக்கு வருஷத்தில் அதுதான் அறுவடை. நாங்கள் பத்திரிகை வைத்தோம். முதல் பந்தியில் உட்கார வைத்தோம். கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். அவரும் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டுப் போனார்.

பல வருஷம் கழித்து ஒருநாள் சட்டை அளவு கொடுக்கும்போது கேட்டேன். "அண்ணா, அன்னைக்கு உங்களுக்கு ரெண்டு நாள் பொழப்பு போயிருக்குமே?"

அவர் சிரித்தார். "அட, உடுங்க தம்பி. நம்ம ஊட்டுக் கல்யாணந்தானுங்களே."

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "முந்துன நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, மிசினைத் தூக்கி ஊட்டுக்குள்ள போட்டுத் தெச்சிருப்பேனுங்க."

அவர் நஷ்ட ஈடு கேட்கவில்லை. பந்தலே போடக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டார். அதைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

ஊர் நோம்பியிலும் தெருவை அடைக்கிறோம். யாரும் முனகுவதில்லை. காரணம், அடைக்கிறவனும் அடைபடுகிறவனும் ஒரே ஆள். தேதி முன்னாலேயே தெரியும். சாட்டுப் போட்டாகிவிட்டது. எல்லோரும் வரி கொடுத்தாகிவிட்டது. பெரிய தலைவர்கள் வரட்டும். மாமல்லபுரத்துக்கும் வரட்டும், கோயமுத்தூருக்கும் வரட்டும். இரண்டு நாள் முன்பே தெருவுக்குச் சொல்லுங்கள். கூலி போகிறவனுக்கு அந்த ஒரு நாள் கூலியை எண்ணிக் கையில் கொடுங்கள், பந்தல் செலவோடு அதுவும் ஒரு வவுச்சராக ஏறட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குக் கயிற்றில் ஓர் இடைவெளி வையுங்கள். சுவர் மட்டும் வேண்டாம். வருகிற விருந்தாளி நம்மையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டுமே.

அந்த அம்மா அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. கயிறு அவிழ்ந்தபோது மணி பன்னிரண்டே கால்.